மாற்றுக்கு நின்ற கப்பல்

1

சென்ற திங்கட்கிழமை நான் எழுதிய ஒரு வாக்கியம் பிழை என்று நிறுவப்பட்டது. இலக்கணப் பிழையாக இருந்திருந்தால் ஒருநாள் வருந்திவிட்டு மறந்திருப்பேன். இது பொருட்பிழை. ஒரு கப்பல் செய்த செயலை வேறொரு கப்பலின் பெயரில் எழுதியிருந்தேன்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில், சிறிய துறைமுக நகரம் ஒன்றின் கப்பல் அருங்காட்சியகத்தில் எனக்கு வாரத்துக்கு நான்கு நாள் வேலை. கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் இருந்து ஓய்ந்த கலங்களின் பணிவரலாறுகளைத் தொகுக்கிறேன். எங்கே கட்டப்பட்டது, எந்நாள் நீரில் இறக்கப்பட்டது, எந்நாள் பணியேற்றது, எங்கெங்கே நின்றது, என்ன செய்தது, எந்நாள் பணி நீங்கியது, எங்கே உடைக்கப்பட்டது. ஒரு கப்பலுக்கு ஒரு தாள்.

தமிழ் படித்தவனுக்கு இந்த வேலை எப்படி வாய்த்தது என்று ஊரில் கேட்கிறார்கள். என் மனைவி செவிலியர். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது; அவள் பின்னால் நான் வந்தேன். பதினோர் ஆண்டுகள் ஒரு கடையில் பெட்டிகளை அடுக்கினேன். பிறகு ஒருநாள், பழைய கையெழுத்தைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்த ஆள் தேவை என்று அருங்காட்சியக வாயிலில் ஓர் அறிவிப்பைக் கண்டேன். சுவடியியல் வகுப்பில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவனுக்கு மாலுமிகளின் கிறுக்கல் பெரிய தடையாகத் தோன்றவில்லை.

காவல்படையின் கலங்களை இங்கே ‘கட்டர்’ என்கிறார்கள். வேலையில் சேர்ந்த வாரம் ஊரிலுள்ள என் அண்ணனுக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னேன்.

“இன்னா வேலடா அது?”

“கட்டருங்களோட வரலாற எழுதற வேலண்ணா.”

“கட்டர்னா? வெட்டாளா?”

எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டுகிறவருக்கு வெட்டாள் என்று பெயர்.

“கரும்பு வெட்றவனுக்கெல்லாம் அங்க வரலாறு எழுதறாங்களா? பரவால்லியே. இங்க அவன் பேரு இன்னான்னு கூட எவனும் கேக்கறதில்ல.”

“கட்டர்னா கப்பல்ண்ணா.”

“கப்பலா.” என்றார். “கடலூர்ல இருபத்தாறு நாளு இருந்தன். கடல் சத்தம் கேக்கும்னு சொன்னானுங்க. ஒண்ணும் கேக்கல.”

கடலூரில் என் அண்ணன் இருந்தது சிறைச்சாலையில். இந்தக் குறிப்புகளை அதற்காகவே எழுதத் தொடங்கினேன்.

2

அண்ணன் பெயர் பெரியசாமி. என் பெயர் சின்னசாமி. வீட்டில் இருவருமே ‘சாமி’தான். எந்தச் சாமி என்பது கூப்பிடும் குரலிலேயே தெரிந்துவிடும். திட்டும் குரல் என்றால் அது நான். மணலூர்பேட்டைக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் இடையே, பெண்ணையாற்றுக்கு அருகில் எங்கள் ஊர். கொஞ்சம் நெல், மீதி கரும்பு. அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அரைவைக் காலத்தில் ஆலையில் முறைவேலைக்கும் நின்றார். நான் கல்லூரிக்குப் போனேன்.

வடமாவட்டங்களில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் மூண்டிருந்த ஆண்டு. படித்து முடித்தால் ஏதேனும் ஒரு கதவு திறக்கும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு முன்பு படித்தவர்கள் திண்டாடுவதையும் நாங்கள் பார்த்திருந்தோம். சாலையை மறிப்பது என்று முடிவாயிற்று. எங்கள் ஊருக்கு வெளியே சாலையோரத்தில் இருந்த புளியமரத்தைச் சாய்த்தோம். ஏழெட்டுப் பேர் மாறிமாறி வெட்டினார்கள். நானும் வெட்டினேன். நெடுநேரம் வெட்டினேன் என்பதையும் எழுதவேண்டும், ஏனெனில் கோடரியை அடுத்தவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மரம் விழுந்த சற்றுநேரத்தில், நடவுக்குப் போகும் பெண்கள் சிலர் வந்து நின்றார்கள். நிலமில்லாத குடும்பத்தவர்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்:

“சாச்சிட்டீங்க, சரி. நாங்க வேலைக்கு எந்தப் பக்கமா போறது?”

“ஒரு வாரம் வூட்ல இரு. எல்லாருக்குந்தான கேக்கறோம்” என்றான் எங்களில் ஒருவன்.

“எல்லாருக்குமா? எங்களுக்கு எத்தினி கேட்டுக்கிறீங்க, சொல்லு. கேட்டுக்கினு போறன்.”

அவன் குனிந்து கோடரியைத் துடைத்தான். அவர் சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, கிளைகளுக்கிடையே ஏறி மறுபக்கம் இறங்கிப் போனார்.

மறுநாள் விடியலில் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டேன். கரியாலூரில் உடன்படித்த நண்பன் ஒருவன் இருந்தான். மலைப்பாட்டுகள் திரட்டப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். நான்கு பாட்டுகளைத் திரட்டவும் செய்தேன். பன்னிரண்டு நாள் அங்கே சாமைச்சோறு உண்டு, பனிமூட்டம் விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றார்.

“உங்கண்ணன இட்டுக்கினு பூட்டாங்கடா.”

காவலர் இருவர் வந்து ஒரு தாளைப் படித்தார்களாம்: ‘கோவிந்தன் மகன் சாமி’. வண்டி நுகத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “நான்தாங்க” என்றாராம். பெயர்க் குழப்பத்தில் பிடித்துப் போய்விட்டார்கள் என்று அம்மா அழுதார். நானும் அவ்வாறே நம்பினேன். திருத்தமாகச் சொன்னால், அவ்வாறு நம்புவது எனக்கு எளிதாக இருந்தது. காவல் நிலையத்துக்குப் போய், அந்தச் சாமி நான் என்று சொல்ல மூன்று மைல் தொலைவே இருந்தது. நான் போகவில்லை.

அந்த மாதந்தான் அண்ணனுக்கு வனக்காவலர் வேலைக்கு நேர்முகக் கடிதம் வந்திருந்தது. வழக்கைப் பிறகு திரும்பப் பெற்றார்கள். அதற்குள் வயது வரம்பு கடந்துவிட்டது. யாரேனும் அதைப் பேச்சில் எடுத்தால் அண்ணன் சிரிப்பார்: “மரம் வெட்ன கேச வெச்சிக்கினு மரத்துக்குக் காவலா? நானா இருந்தாலும் எடுக்க மாட்டன்.”

நான் அவரிடம் ஒருபோதும் உண்மையைச் சொல்லவில்லை. அவரும் ஒருபோதும் கேட்கவில்லை.

3

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது உசாவுவதற்காக ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். பழைய பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“இந்த வூட்ல சாமின்னு ஒருத்தர் மேல கேஸ் இருந்துக்கிதே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னே வந்தார். “அது நானுங்க. இவன் அப்ப படிச்சிக்கினு இருந்தான்.”

காவலர் எழுதிக்கொண்டார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இங்கே வந்தபின் என் பெயரே இடம் மாறிவிட்டது. படிவங்களில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாதென்பதால் தந்தை பெயரை நிரப்பினேன். அன்றுமுதல் நான் திரு. கோவிந்தன். மருத்துவமனையிலும் வங்கியிலும் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன்.

குடியுரிமைப் படிவத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. கைது செய்யப்பட்டதுண்டா என்பது முதற்கேள்வி. அதற்கு ‘இல்லை’ என்பது உண்மை. அடுத்த கேள்வி, குற்றம் எதையேனும் செய்து அதற்காகக் கைது செய்யப்படாமல் இருந்ததுண்டா என்பது. இத்துணை நுட்பமாக வினவும் ஓர் அரசை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். ஒரு விடுமுறைநாளில் அண்ணனிடம் பேசும்போது, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். நல்லது என்றார்.

என் மகள் கயல் இங்கே பிறந்தவள். ‘சாமி’ என்றால் கடவுள் என்று பொருள் சொல்லிக்கொடுத்தபின், “அப்போ பெரியப்பா பெரிய காட், நீங்க சின்ன காட்-ஆ?” என்று கேட்டாள். பள்ளியில் ‘நான் வியக்கும் உறவினர்’ என்னும் கட்டுரைக்குப் பெரியப்பாவைத் தேர்ந்தெடுத்தாள். உரிமைக்காக மரத்தை வெட்டிச் சிறைக்குப் போனவர் என்று ஆங்கிலத்தில் எழுதி, முதல் மதிப்பெண் பெற்றாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று என்னிடந்தான் காட்டினாள். இரண்டு காற்புள்ளிகளைத் திருத்திக்கொடுத்தேன். இப்போது அவள் வேறொரு மாநிலத்தில் இருக்கிறாள். தமிழை விழாநாள்களில் மட்டும் பேசுகிறாள்.

4

திங்கட்கிழமை வந்தவர் மார்கரெட் என்னும் அம்மையார். எழுபதைக் கடந்தவர். சுவரில் மாட்டியிருந்த ஒரு பணிவரலாற்றுத் தாளின் முன் நின்று, அதை எழுதியவர் யார் என்று கேட்டார். அழைத்தார்கள், போனேன்.

அது ஒரு விளக்குக்கப்பலின் தாள். கலங்கரைவிளக்கம் கட்ட இயலாத கடலிடங்களில், நங்கூரமிட்டு, உச்சியில் விளக்கை ஏற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிற்கும் கப்பல் அது. அதன் பக்கத்தில் பெரிய எழுத்துகளில் தீட்டியிருப்பது நிற்கும் இடத்தின் பெயர். வேறிடத்துக்கு மாற்றினால் பெயரையும் மாற்றித் தீட்டுவார்கள். கப்பலோடு எப்போதும் போவது அதன் எண் ஒன்றே.

“மூடுபனியில் தவித்த மீன்படகுக்காரர்களை இந்தக் கப்பல் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள்” என்றார் அம்மையார்.

“ஆம், அந்தக் கடலிடத்தின் பதிவேட்டில் உள்ளது.”

“இந்தக் கப்பல் அந்த மாதம் பழுதுபார்க்கக் கரைக்குப் போயிருந்தது. அதன் இடத்தில் நின்றது என் தந்தையின் கப்பல்.”

கைப்பையிலிருந்து ஒரு நிழற்படத்தை எடுத்தார். மேல்தளத்தில் கம்பளி போர்த்திய மீனவர்கள். அவர்களோடு, இளைஞராக அவர் தந்தை. கீழே, கப்பலின் பக்கத்தில் ‘ரிலீஃப்’ என்ற எழுத்துகள்.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் எழுதிய தாள் அது. பதிவேட்டில், ‘ரிலீஃப் வந்து சேர்ந்தது’ என்ற வரியைப் படித்தது நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். புயலடித்துச் சென்றபின் அரிசியும் சேலையும் ஏற்றிக்கொண்டு வரும் நிவாரண வண்டி. ஏதோ சரக்குப் படகு வந்துபோயிருக்கிறது என்று கொண்டு, அவ்வரியைக் கடந்துவிட்டேன். பிறர் இடத்தில் மாற்றாக நிற்பதற்கென்றே வைத்திருந்த கப்பல் அது என்பதையும், சொந்தமாக ஓரிடம் இல்லாததால் அந்தச் சொல்லையே பெயராகத் தீட்டிக்கொண்டு திரிந்தது என்பதையும் பின்னாளில் அறிந்தேன். அறிந்தபின்னும் பழைய தாளைத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

“எத்தனை ஆண்டாக இது இங்கே தொங்குகிறது?” என்றார்.

“ஒன்பது.”

“கண்புரையை இப்போதுதான் எடுத்தேன். ஒன்பது ஆண்டும் என்னால் படிக்க இயலாமற் போனது உங்கள் நற்பேறு.”

அவர் சினக்கவில்லை. தாளைக் காட்டி, “அந்தக் கப்பலுக்குச் செய்வதற்கு வேறு எவ்வளவோ இருந்தன. என் தந்தையின் கப்பலுக்கு அந்த ஒரு நாள்தான்” என்றார்.

திருத்தப் படிவத்தில் ‘பிழையின் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அன்று மாலைக்குள் புதிய தாள் சுவரேறியது.

5

இரண்டு நாள் கழித்து, இங்கே காலைக் காப்பி வேளையில், ஊரிலிருந்து அழைப்பு வந்தது. முதலில் பேசியவர் அண்ணி.

“தம்பி, உங்க அண்ணனுக்கு மேடையில துண்டு போடப் போறாங்க. நானும் போறன். பொடவ கூட எடுத்துட்டன்.”

“எதுக்கு அண்ணி?”

“மரம் வெட்டிட்டு உள்ள போனாரே, அதுக்குத்தான். அவரு சொல்லுவாரு, இருங்க.”

அண்ணன் வாங்கினார். “ஒண்ணுமில்லடா. அப்ப உள்ள போனவங்களயெல்லாம் சேத்து ஊர்ல ஒரு புக்கு போடறாங்க. ஆளுக்கு ஒரு பக்கம். எந்த ரோடு, இன்னா பண்ணான், எத்தினி நாளு இருந்தான். எந்தம்பி கப்பலுக்கே எழுதறான், எனக்கு எழுத மாட்டானான்னு சொல்லிட்டன்.”

பேச்சை மாற்றுவதற்காக, திங்கட்கிழமைப் பிழையைப் பற்றிச் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

“ரிலீஃப்னா ரிலீவர்டா. இது கூடவா தெரியாது?”

“அப்படின்னா?”

“ஆலையில கேட்டுப் பாரு. ஷிப்டு முடிஞ்சிடும், ஆனா ரிலீவர் வராம எடத்த வுட்டு நவுர முடியாது. அவன் வந்து நின்னு ‘நீ போ’ன்னா, அப்பறந்தான் வூடு. புலவருக்குப் படிச்சிட்டு இத தெரிஞ்சிக்கலியே நீ.”

“அவன் வரலைன்னா?”

“நின்னுக்கினே இருக்க வேண்டியதுதான்.”

“அண்ணா, அந்த மரம்…”

“கரெண்டு வந்துடுச்சி, மோட்டாரு போடணும். எழுதிட்டுப் படிச்சிக் காட்டு.” வைத்துவிட்டார்.

6

ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆயிற்று.

முதல் வரைவில், மரத்தை வெட்டியவர் அண்ணன். நூலைத் தொகுப்பவர்கள் எதிர்பார்ப்பது அதுதான். அண்ணி சேலை எடுத்திருப்பதும் அதற்குத்தான். ஒன்பது ஆண்டுகள் சுவரில் தொங்கிய தாளைப் போன்றதொரு தாளை மீண்டும் எழுதுகிறேன் என்பது இரண்டாம் வரியிலேயே தெரிந்தது. கிழித்தேன். இரண்டாம் வரைவில் உள்ளதை உள்ளவாறே எழுதினேன்: ‘அன்று இவர் சாலையில் இல்லை, தவறாகக் கைதானார்.’ படித்துப் பார்த்தேன். அதில் அண்ணனையே காணவில்லை. யாரோ பிழைபட எழுதிய ஒரு பெயர்தான் இருந்தது. அதையும் கிழித்தேன்.

அறிந்தோ அறியாமலோ அவர் செய்ததற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. பதிலாள் என்றால் கூலிக்கு வந்தவர்போல் ஒலிக்கிறது. பிணை என்றால் நீதிமன்ற வாடை அடிக்கிறது. ஈடு என்றால் பண்டமாகிவிடுகிறது. தமிழ்ச்சொல் இருக்குமிடத்தில் பிறசொல்லை என் உரைநடையில் நான் ஆண்டதில்லை. ஊரில் தமிழாசிரியனாக இருந்தபோது மாணவர் சிலரை அதற்காக வகுப்பில் நிற்கவைத்திருக்கிறேன். மூன்றாம் நாள், அண்ணன் வாயிலிருந்து வந்த சொல்லையே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் படித்துக் காட்டினேன்:

“பெரியசாமி, கோவிந்தன் மகன். மரம் விழுந்த அன்று இவர் சாலையில் இல்லை. மரத்தை வெட்டியவர்களுள் ஒருவன் இவர் தம்பி சின்னசாமி. காவலர் தேடி வந்தபோது தம்பி மலைக்குப் போய்விட்டான். தம்பிக்கு ரிலீவராக இவர் போனார். இருபத்தாறு நாள் கடலூர்ச் சிறையில் நின்றார். இவரை மாற்ற எவரும் வரவில்லை.”

மறுமுனையில் எருமை கத்துவது கேட்டது.

“அண்ணா?”

“இருக்கறன். கடைசி வரிய இன்னொரு வாட்டி படி.”

படித்தேன்.

“உம்.” என்றார். “மரம் சாஞ்ச அன்னிக்கி சாயங்காலம் சோறு துன்னும்போது நீ ஸ்பூன் கேட்ட. நம்ம வூட்ல ஸ்பூன் ஏது? கையப் பாத்தன். பேனா புடிக்கிற கையி, ரெண்டும் கொப்புளிச்சிக் கெடந்துது.”

அத்தனை ஆண்டுகள் நான் பிடித்துக்கொண்டிருந்த பெயர்க் குழப்பம் அந்த இடத்தில் முடிந்தது.

“தெரிஞ்சேதான் போனியா?”

“பின்ன? அந்தாளு ‘கோவிந்தன் மகன் சாமி’ன்னு படிச்சாரு. நானும் கோவிந்தன் மகன்தான். பொய்யி ஒண்ணும் சொல்லல.”

நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்கும்.

“இதுக்கு எதுக்குடா இப்ப? நீதான்னு எழுதிட்டா, நான் எதுக்கு உள்ள போனன்? உன் பேர எடுத்துடு.”

“எடுக்க மாட்டேண்ணா.”

“அங்க பாரத்துல ‘இல்ல’ன்னு போட்டன்னியே. ஏதாச்சும் ஆவப் போவுது.”

“தெரியல. கேட்டாங்கன்னா ஆமான்னு சொல்லிடுவேன். இந்தத் தடவை என் எடத்துல நானே நிக்கறேன்.”

பிறகு, “ரிலீவர்னா போட்ட? நீயா?” என்றார். “தமிழ்ல ஒண்ணும் கெடைக்கலியா?”

“கெடைக்கல.”

சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது.

“ஒண்ணுதான்டா. உங்க அண்ணிக்கு நான்தான் வெட்னன்னு நெனப்பு. அவங்கப்பன், தைரியமான ஆளுன்னு சொல்லித்தான் பொண்ணயே குடுத்தாரு. மேடைக்கு வேற கெளம்பி நிக்கறா.”

“நான் பேசட்டுமா அண்ணிகிட்ட?”

“வேணாம். நானே சொல்றன். நீ போன வெய்யி.”

ஆனால் அவர் தொடர்பைத் துண்டிக்கவில்லை, துண்டிக்க மறந்துவிட்டார். கட்டில்மேல் தொலைபேசியை வைக்கும் ஒலியும், அவர் செருப்பு தேய நடக்கும் ஒலியும் கேட்டன.

“செல்வி, அடுப்ப கம்மி பண்ணிட்டு இப்பிடி வா.”

“இன்னா அவசரம், கொழம்பு கொதிக்குது.”

“கொதிக்கட்டும். வந்து குந்து. அந்த மரத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

நாற்காலி ஒன்று இழுபட்டது. அதற்குமேல் கேட்க எனக்கு உரிமையில்லை. என் பக்கத்தில் தொடர்பைத் துண்டித்துவிட்டு, எழுதிய தாளை ஓர் உறையில் இட்டு, தொகுப்பாளர்களின் முகவரியை எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தில் கோவிந்தன் என்று எழுதப் பழகிய கை சற்றுத் தயங்கியது. ‘கோ. சின்னசாமி’ என்று எழுதினேன்.